ஆட்டம் முடியாத சனிக்கிழமை

ஆல்பியன் தெருவில் அந்த வீட்டை எட்னா வாடகைக்குப் பிடித்தபோது நெசவு மில்லில் எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள். கால்பந்து மைதானத்துக்கு நேர் பின்னால் இருக்கிற வீடு. சனிக்கிழமை உள்ளூர் ரேவன்ஷாக்காரர்கள் கோல் போட்டால் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். எதிராளி போட்டால் ஊரே செத்த மாதிரி இருக்கும். ஜன்னலைத் திறக்காமலே ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடலாம். கோல்கீப்பர் பெண்டாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வீடு எங்கே கிடைக்கும் என்று எட்னா அவர்களைத் திருப்பிக் கேட்டாள்.

பொருந்தி என்ன பிரயோஜனம்? கோல்கீப்பர் அந்த வீட்டை இன்னும் பார்க்கவே இல்லை. பெர்சி பட்டாளத்திலிருந்து மூன்று நாள் லீவில் வந்து, அவசர அவசரமாக மோதிரம் போட்டுவிட்டுப் போனவன். அந்த மூன்று நாளும் அவன் அம்மா வீட்டில், தங்கை டோரிஸின் அறைக்கு அடுத்த அறையில், காகிதம் மாதிரி ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கழிந்தன. கட்டில் கிறீச்சிட்டால் டோரிஸ் இருமுவாள். அதற்கப்புறம்தான் எட்னா தனக்கென்று ஒரு வீடு பார்த்தாள். இரண்டு தட்டு வாங்கினாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. முதலில் அவன்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக வைத்திருந்தாள்.

யுத்தம் வந்ததும் பந்தாட்டமும் தாறுமாறாகிப் போயிருந்தது. சிப்பாய் எந்த ஊர் முகாமில் கிடக்கிறானோ அந்த ஊர் அணிக்கு விருந்தாளியாக ஆடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆறு வருஷம் ரேவன்ஷாவுக்குக் கோல் காத்த பெர்சி, டெல்போர்ட் துறைமுகத்து முகாமில் இருந்தான். ஒரு சனிக்கிழமை அங்கே சும்மா வேடிக்கை பார்க்கப் போனவனை, எங்கள் கீப்பருக்குக் கை முறிந்துவிட்டது, கொஞ்சம் நில்லப்பா என்று இழுத்து நிறுத்திவிட்டார்கள். அது கோப்பைப் பந்தயம். கோப்பைப் பந்தயத்தில் ஒரு அணிக்கு ஒருமுறை ஆடியவன் அந்த வருஷம் முழுக்க அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். பெர்சி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ரேவன்ஷா எங்கே இறுதி ஆட்டத்துக்கு வரப்போகிறது? தாத்தா காலத்திலிருந்து வராத அணி. அந்த வருஷம் பார்த்து வந்து தொலைத்தது, டெல்போர்ட்டுக்கு எதிராகவே.

இறுதி ஆட்டம் ஊருக்கு ஒன்றாக இரண்டு. டெல்போர்ட்டில் நடந்தது சமமாக முடிந்தது. இரண்டாவது ஆட்டம் ரேவன்ஷாவில், மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பெர்சியின் பட்டாளம் அடுத்த வாரம் கப்பல் ஏறப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்று யாருக்கும் தெரியாது. சார்ஜண்ட் புரூக் அவனையும் இன்னும் இரண்டு ஆட்டக்காரச் சிப்பாய்களையும் லாரியில் கூட்டிவந்து, ஏழு மணிக்குத் திரும்பக் கூட்டிப்போவார் என்று ஏற்பாடு. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் ஐந்துக்குள் முடிந்துவிடும். ஐந்திலிருந்து ஏழு வரை பெர்சி எட்னாவுக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை அவள் ஒரு மாதமாக மனசுக்குள் வாழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சாப்பாடு, அப்புறம் மாடி. இல்லை, முதலில் மாடி, அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு நாளும் வரிசை மாறும்.

பங்கீட்டில் வந்த ஆட்டுக்கறியை இரண்டு வாரமாகச் சேர்த்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு, மண் சட்டியில் ஸ்டூவாக அடுப்புக்குள் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். கோலுக்குப் பின்னால், சுவரோரம், டோரிஸ் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

பெர்சி வெளியே வந்தபோது ஊர் அவனைக் கைதட்டி வரவேற்றது. அடுத்த மூச்சிலேயே துரோகி என்று கத்தியது. இரண்டும் அன்புதான். ரேவன்ஷாவில் ஆடின நாளில் எட்னா பின்னிக் கொடுத்த அதே பச்சைக் கம்பளி ஜெர்சியைத்தான் போட்டிருந்தான். டெல்போர்ட்டில் கீப்பருக்கு ஜெர்சி வாங்கத் துணிக் கூப்பன் கிடைக்கவில்லையாம். முழங்கை இரண்டும் பிய்ந்திருந்தன. அவன் ரொம்ப மெலிந்திருந்தான்.

பந்து தூரத்தில் இருக்கும்போது அவன் அவள் பக்கம் திரும்பினான். பேச்சு தொடங்கியது. கத்தினாலும் கேட்காத கூட்டத்தில் எப்படிப் பேச்சு என்றால், நெசவு மில்லில் வேலை செய்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. தறிகள் ஓடுகிற இரைச்சலில் குரலுக்கு வேலையில்லை. உதட்டைப் பெரிதாக அசைத்து, முகத்தையே வாயாக்கிப் பேசுவார்கள். எட்னாவும் பெர்சியும் காதலித்ததே அப்படித்தான், நடுவில் எட்டுத் தறிகள் ஓட, ஒரு சத்தமும் இல்லாமல். மில்லில் ஒரு மரியாதையும் உண்டு. இரண்டு பேர் உதட்டில் பேசிக்கொண்டால் மூன்றாம் ஆள் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும். டோரிஸுக்கு மட்டும் அந்த மரியாதை பிறவியிலேயே கிடையாது.

எட்னா வீட்டைப் பற்றிச் சொன்னாள். கதவு பச்சை. படி கொஞ்சம் செங்குத்து, தலையில் இடித்துக்கொள்ளாதே. ஜன்னலோரம் உன் நாற்காலி. கட்டிலுக்கு வெள்ளை விரிப்புப் போட்டிருக்கிறேன், கிறீச்சிடாத கட்டில், நானே சோதித்துப் பார்த்தேன். அவன் சிரித்தான். பக்கவாட்டு மேடையில் குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பிக் கூரை வரை போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்க நெசவாளிகள். அந்த மேடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு சொல் விடாமல் படித்துவிட்டிருந்தார்கள். நூல் சுற்றும் பிரிவு பெஸ்ஸி, நல்ல பருமன், எழுந்து நின்று உதட்டாலேயே கேட்டாள்.

"சோதிக்க இன்னொரு ஆள் வேணுமா கண்ணு?"

எட்னாவுக்குக் காது மடல் வரை சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவளுக்கு இருந்தது அந்த நேரம்தான்.

ஐந்து மணி ஆனது. கோல் விழவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்தது. ரெஃபரி இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டுச் சொன்னதை, ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. இனி பக்கம் மாறுவது கிடையாது. யாராவது ஒருவர் கோல் போடும்வரை ஆட்டம். ஊர் குதூகலித்தது. எட்னா ஒலிபெருக்கியை முறைத்தாள். அவளுடைய இரண்டு மணி நேரத்திலிருந்து ஒவ்வொரு நிமிஷமாகக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள், இதற்குக் கைதட்டல் வேறு.

அவன் திரும்பியபோது அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு விட்டுடு பெர்சி. ஒரே ஒண்ணு. ஊருக்குக் கோப்பை, எனக்கு நீ. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவன் தலையை ஆட்டினான். "முடியல எட்னா. நான் விடணும்னு நினைச்சாலும் கை தானாப் போகுது."

"போகாம பிடிச்சு வை."

"லென் என் மூஞ்சியில முழிப்பானா? பிச்சை போட்ட கோப்பைன்னு தெரிஞ்சா இந்த ஊர் அதைக் குப்பையில போடும். என்னையும் சேர்த்து."

லென் என்பவன் ரேவன்ஷாவின் முன்வரிசை ஆட்டக்காரன், நிலக்கரி வண்டி ஓட்டுகிறவன், பெர்சியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அன்றைக்கு அவன் அடித்த பந்துகளில் பாதி கோலாகியிருக்க வேண்டியவை. பெர்சி ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தள்ளிவிட்டான். ஒவ்வொரு தடவையும் லென் வந்து அவன் முதுகில் ஒரு அடி வைத்து, நாசமாப் போ என்று வாழ்த்திவிட்டுப் போனான். எட்னாவுக்கு அந்த இரண்டு பேர் மீதும் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளை ஒருத்தி இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர்களுக்கு மானம் பெரிதாகப் போய்விட்டது. விறுக்கென்று திரும்பிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியேறினாள்.

அவள் மட்டும் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் தேநீர் குடிக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஆட்டம் அது. வீட்டில் சட்டி கொதித்து அடங்கியிருந்தது. மேசையில் இரண்டு தட்டும் எதிரெதிரே இருந்தன. அவள் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தாள். தட்டுகள் கிணுகிணுக்கட்டும் என்று காத்திருந்தாள். மைதானத்திலிருந்து முனகல் வந்தது, பெருமூச்சு வந்தது, அந்த ஒரு சத்தம் மட்டும் வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஆறைத் தாண்டியது. அவன் இந்த மேசைக்கு வரப்போவதில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டியைச் சால்வையில் சுற்றி, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேசைக்கு அவன் வராவிட்டால் சாப்பாடு அவனிடம் போகட்டும்.

சுவரோரம் நின்ற போலீஸ்காரர் தடுத்தார். சட்டிக்குள் என்ன என்று கேட்டார். ஆட்டுக்கறி என்றதும் அவர் முகம் ஏக்கமாக மாறியது. சுற்றி நின்றவர்களுக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. எதிரணிக் கீப்பர் சாப்பிட ஆரம்பித்தால் நமக்கு நல்லதுதானே?

"விடுங்க சார், புருஷன் பட்டினியா நிக்கறான்ல," என்றார் ஒரு கிழவர். "நல்லா ஊட்டு தாயி. நிதானமா ஊட்டு. எலும்பெல்லாம் எடுத்துட்டு ஊட்டு."

ஊரே சேர்ந்து அவளைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. அவள் கோல் கம்பத்தோரம் புல்லில் மண்டியிட்டுச் சட்டியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது பெர்சி பின்னாலேயே நடந்து வந்து ஒரு வாய் வாங்கிக்கொள்வான். பந்து இந்தப் பக்கம் வந்தால் ஓடுவான். கம்பத்தோரம் என்றாலும் கத்துகிற கூட்டம் தலைக்கு மேலேயே நின்றது. பேச்செல்லாம் உதட்டில்தான். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா செய்வதைவிட நன்றாக இருக்கிறது, டோரிஸிடம் சொல்லிவிடாதே என்றான். அடுப்பு புகைகிறது, புகைபோக்கியை யாராவது பார்க்க வேண்டும் என்றாள். வந்து பார்க்கிறேன் என்றான். கல்யாணமாகி நாலு மாதமான இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாகச் சாப்பிட்டார்கள், பத்தாயிரம் பேர் பார்க்க.

சார்ஜண்ட் புரூக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் வந்தார். ஏழு அடிக்கப் போகிறது. எட்னா எழுந்து அவரிடம் போனாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?"

அவருக்குப் பந்தாட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே சொன்னார். "இறுதி ஆட்டத்துல கீப்பரை நடுவுல இழுத்துட்டுப் போக நான் காட்டுமிராண்டி இல்லம்மா. ஆட்டம் முடியற வரைக்கும் லாரி நகராது. முடிஞ்ச நிமிஷம் நகர்ந்துடும்."

எட்னா திரும்பி வந்து மண்டியிட்டாள். அவர் சொன்னது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆட்டம் முடியும்வரை பெர்சி இங்கே இருப்பான். யாராவது கோல் போட்டால் போய்விடுவான். மதியத்திலிருந்து ஒரு கோல், ஒரே ஒரு கோல் என்று உருகினவள், இப்போது ஒருத்தனும் போடக்கூடாது, என்றைக்கும் போடக்கூடாது, வருஷக்கணக்காக இப்படியே ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆட்டக்காரர்களுக்குக் கால் பின்னிக்கொண்டு வந்தது. மில் புகையும் மேகமும் சேர்ந்து வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன.

சட்டியில் கடைசி வாய் இருந்தது. பெர்சி கோல் வாயில் நின்றபடியே அவள் பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எட்னா, ஒருவேளை நான்..." என்று அவன் உதடு தொடங்கியது.

அப்போது அவள் பார்த்தாள். நடு மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து லென் ஓங்கி அடித்திருந்தான். மண்ணில் ஊறிக் கறுத்த பந்து, மங்கலில் பாதி மறைந்து, உயரமாக வளைந்து பெர்சியின் தலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியாது. அவன் கண் அவள் உதட்டில் இருந்தது. ஊர் மூச்சை உள்ளே இழுத்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ரேவன்ஷாவுக்குக் கோப்பை வந்துவிடும்.

"பந்து. உன் தலைக்கு மேல," என்றன அவள் உதடுகள்.

அவன் திரும்பக்கூட இல்லை. அப்படியே பின்னால் எம்பிக் கையை உயர்த்தினான். பந்து விரலில் பட்டு, கம்பத்தைத் தடவி, வெளியே போய் விழுந்தது.

மேடையில் பெஸ்ஸி எழுந்தாள்.

"அவதான் சொன்னா. நான் பார்த்தேன், அவதான் சொல்லிக் கொடுத்தா."

அப்புறம் எட்னாவுக்கு விழுந்த வசவை எழுதினால் தாள் கறுத்துவிடும். ஊட்டு தாயி என்ற அதே கிழவர் தொப்பியைக் கழற்றி அவள் மேல் எறிந்தார். டோரிஸ் முகத்தை மூடிக்கொண்டாள். லென் இடுப்பில் கைவைத்து மூச்சிரைக்க வந்து நின்றான்.

"எட்னா, நீ எந்த ஊர்க்காரி?"

அவள் எழுந்தாள். அன்றைக்கு முதல்முறையாகக் குரலெடுத்துப் பேசினாள். கூட்டம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அடங்கியிருந்ததால் அது எல்லார் காதிலும் விழுந்தது.

"இந்த ஊர்க்காரிதான் லென். ஆட்டம் முடிஞ்சா இவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆடுங்க."

லென் தரையைப் பார்த்தான். அந்த மைதானத்தில் ஆண்பிள்ளை ஒருத்தனைக் கப்பலேற்றாத வீடு குறைவு. பெஸ்ஸிக்கு இரண்டு மகன்கள் போயிருந்தார்கள். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். எட்னாவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஆடட்டும் கண்ணு."

ஆடினார்கள். எவ்வளவு நேரம் என்று எட்னாவிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. எதிர்க் கோல் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ரெஃபரி விசில் ஊதி இரண்டு கையையும் விரித்தார். குண்டு விமானத்துக்குப் பயந்து விளக்குப் போட முடியாத காலம். அடுத்த சனிக்கிழமை இதே இடத்தில் மறு ஆட்டம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

கோல் கம்பத்திலிருந்து மைதானத்து வாசல் வரைதான் அவர்களுக்குக் கிடைத்தது. அவன் ஒரு கையில் காலிச் சட்டி, இன்னொரு கையில் அவள். மெதுவாக நடந்தார்கள், சார்ஜண்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியல பாரு. பாதியில நிக்குது. என்னைத் திரும்பக் கூப்பிட்டுத்தானே ஆகணும்," என்றான் பெர்சி.

ஆமாம் என்றாள். இரண்டு பேரும் அதை நம்பினார்கள், அந்த வாசல் வரைக்கும்.

லாரி கிளம்பியது. பின் பலகையைப் பிடித்தபடி அவன் அவள் பக்கம் பார்த்து ஏதோ சொன்னான், சத்தமில்லாமல், அவர்கள் இருவரும் பேசுகிற பேச்சில். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தெருவில் ஒரு விளக்கு கிடையாது. என்ன சொன்னான் என்று அவளால் படிக்க முடியவில்லை.

கப்பல் புதன்கிழமை போய்விட்டது.

மறு ஆட்டத்துக்கு எட்னா போகவில்லை. வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அவள் மில்லுக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள், எல்லாம் அந்த ஒரு நினைப்பில்தான்: இன்னும் முடியவில்லை. கப்பல் எந்தக் கடலில் போனாலும் அவனுடைய ஒரு நுனி இங்கே கோல் கம்பத்தில் கட்டிக் கிடக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்குத் தெரியும்.

முதல் பாதி முடிவதற்குள் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அப்புறம் ஜன்னல் கண்ணாடியே அதிரும்படி ஒரு இரைச்சல் எழுந்து, அடங்காமல் நீண்டுகொண்டே போனது.

டோரிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். கன்னமெல்லாம் ஈரம். ஜெயித்துவிட்டோம் என்றாள், மூன்று கோல், லென் மட்டும் இரண்டு, டெல்போர்ட் கீப்பர் யாரோ புதுசு, பாவம், பந்தையே பார்க்கவில்லை என்றாள். பின்னாலேயே பாண்டு வாத்தியமும் ஊரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் திரும்பின. அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. தறி ஓடுகிற அறை மாதிரி வீடு முழுக்க இரைச்சல்.

எட்னா ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன, பெரிதாக, நிதானமாக, எட்டுத் தறிகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவனுக்குச் சொல்வதுபோல.

"முடிஞ்சிடுச்சு பெர்சி. வீட்டுக்கு வா."

டோரிஸ் அதைப் படித்துவிட்டாள். படித்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக, கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.